மாசி மாதத்திலும் நிற்பவர்களுக்கு: திருகோணமலையில் ஊழியம் தொடங்க ஒரு வழிகாட்டி

மார்கழி மாதத்தில் எங்கள் ஊர்ச் சபைகளில் ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. கரோல் குழுவுக்குப் பெயர் கொடுப்பார்கள், மழையில் நனைந்துகொண்டே வீடு வீடாகப் போவார்கள், ஒளிவிழாவுக்கு மேடை கட்டுவார்கள், பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குவார்கள். மாசி பிறந்ததும் அதே மண்டபத்தைக் கூட்டித் துடைக்க இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். பெரும்பாலும் அந்த இரண்டு பேரும் பல வருஷமாக அதே தும்புத்தடியைப் பிடிக்கிறவர்களாக இருப்பார்கள்.

மாசியிலும் நிற்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் கத்தோலிக்கராக இருக்கலாம், மெதடிஸ்தராக, அங்கிலிக்கனாக, பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவராக இருக்கலாம். படிப்பு முடித்த பிள்ளையாகவோ, இடமாற்றம் கிடைத்துத் திருமலைக்கு (திருகோணமலைக்கு) வந்த உத்தியோகத்தராகவோ, பென்சன் எடுத்தவராகவோ இருக்கலாம். செய்யவேண்டியதில் பெரிய வித்தியாசம் இல்லை.

"எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்று கொலோசெயர் நிருபத்தில் பவுல் எழுதியதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். அதற்குச் சற்று முன்னால் அவர் யாரைக் கூப்பிட்டு இதைச் சொல்கிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிரசங்கிகளையோ மூப்பர்களையோ அல்ல, வேலைக்காரரை. அடுத்தவர் வீட்டில் தண்ணீர் அள்ளி, பாத்திரம் கழுவி, பெயர் தெரியாமல் வாழ்ந்த அடிமைகளை. "பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்" என்றும் அவர்களுக்குத்தான் சொல்கிறார். முழுமனதான ஊழியத்துக்கு எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்: யாரும் பார்க்காத கிழமையிலும் அந்த வேலை அதே ஒழுங்கோடு நடக்கவேண்டும். எத்தனை குழுவில் உங்கள் பெயர் இருக்கிறது என்பது கணக்கில் வராது.

முதலில் ஒரு சபையில் வேர் விடுங்கள்

திருகோணமலையில் சபைகளுக்குக் குறைவில்லை. கத்தோலிக்க மறைமாவட்டம் 1893இல் உருவானது. 1967இல் மட்டக்களப்பின் பெயரும் சேர்ந்து, 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. புனித மரியாள் பேராலயம், பாலையூற்று லூர்து அன்னை திருத்தலம், மூதூர்ப் பக்கத்துக் கோயில்கள் என்று நீண்ட காலம் வேரோடிய பங்குகள் இருக்கின்றன. 1814இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்த மிஷனரிமாரின் பணி கிழக்கில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. அங்கிலிக்கன் சபையும் பழையதுதான். அப்புறம் உவர்மலை, அன்புவழிபுரம், செல்வநாயகபுரம் என்று ஒவ்வொரு பக்கத்திலும் சிறு சபைகள் கூடுகின்றன.

இத்தனையும் இருப்பதால் புதிதாக வருகிறவர் காலையில் ஒன்று, பின்னேரம் இன்னொன்று என்று சுற்றத் தொடங்கிவிடுவது சுலபம். அது வேண்டாம். கத்தோலிக்கர் என்றால் நீங்கள் குடியிருக்கும் வீதி எந்தப் பங்குக்குள் வருகிறது என்று கேட்டு அங்கே போங்கள். மற்றவர்கள் தங்கள் சபையின் கிளை ஊரில் எங்கே என்று விசாரித்துப் போங்கள். ஒரு மாதத்துக்கு ஒரு பொறுப்பும் ஏற்காமல் போய் வாருங்கள். ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாமல் பின்வாசலில் கொஞ்சம் நின்று பாருங்கள். யார் கதிரை அடுக்குகிறார், யார் பாட்டுப் புத்தகம் சேர்க்கிறார், எந்த வயோதிபருக்கு ஓட்டோ பிடித்துக் கொடுக்க ஆள் இல்லை, எந்தப் பிள்ளை தனியே நிற்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். உள்ளே பாடிக்கொண்டு நிற்கும்போது தெரியாது.

பிறகு பாதரையோ போதகர் ஐயாவையோ சந்தியுங்கள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது கேட்காமல், கிழமை நாளில் நேரம் கேட்டுப் போங்கள். "என்ன வேலை தந்தாலும் செய்வேன் ஐயா" என்று சொல்வது பணிவாகத் தோன்றும். கேட்கிறவருக்கு அது உதவாது. "எனக்குச் சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம் இருக்கு. எதுக்கு ஆள் இல்லாமல் கஷ்டப்படுறீங்க?" என்று கேளுங்கள். அவர் உடனே ஒரு பெயரையோ ஒரு வீட்டையோ சொல்லுவார்.

உடனே வேலை தரவில்லையென்றால் மனம் சுருங்கவேண்டாம். உங்களை அவர்களுக்கு இன்னும் தெரியாது. குறிப்பாகப் பிள்ளைகளோடு வேலை செய்யக் கேட்டிருந்தால், கொஞ்சக் காலம் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். அப்படித் தாமதிக்கும் சபையை நான் மதிக்கிறேன்.

வீட்டில் கேளுங்கள், பஸ்ஸையும் பாருங்கள்

ஊழியத்துக்கு நேரம் கொடுப்பது நீங்கள் மட்டும் எடுக்கும் முடிவல்ல. மனைவி, கணவன், அம்மா, அப்பா, யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்களோடு முதலே பேசவேண்டும். உங்கள் சனிக்கிழமைப் பின்னேரம் இல்லாமல் போனால் சந்தைக்கு யார் போவது, பிள்ளையை ரியூசனிலிருந்து யார் கூட்டிவருவது? இதைப் பேசாமல் இறங்கினால் மூன்றாம் மாதம் வீட்டில் சண்டை வரும், அதன் பாரம் அந்த ஊழியத்தின் மேல் விழும். வீட்டாரைக் கண்ணீர் விடவைத்துவிட்டு வெளியே போய் ஆறுதல் சொல்வதில் அர்த்தமில்லை.

தூரத்தையும் கணக்கிலெடுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை மூதூர்ப் பக்கம் போகிறவர்கள் படகுப்பாதைக்குக் காத்துக் கிடந்தார்கள். இப்போது தரை வழியாகவே போய் வரலாம். ஆனாலும் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் போனால் திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று போகும்போதே கொண்டக்டரிடம் கேட்டு வையுங்கள். இருட்டியபின் ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டால் அவர்களுக்குத்தான் சங்கடம். இருக்கிற ஒரு பாயையும் உங்களுக்கு விரித்துவிட்டு அவர்கள் வெறுந்தரையில் படுப்பார்கள்.

கடற்றொழில் குடும்பங்களைச் சந்திக்கப் போகிறவர்கள் கடலின் நேரத்துக்குத் தங்களை மாற்றிக்கொள்ளவேண்டும். திருக்கடலூரிலோ சல்லியிலோ இரவு முழுக்கக் கடலில் நின்றுவிட்டு வந்தவர் காலை பத்து மணிக்கு நித்திரையில் இருப்பார். அப்போது போய்க் கதவு தட்டி வேதபாடம் நடத்துவது அன்பாகாது. கார்த்திகையிலிருந்து தை வரை வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும். தொழில் இருக்காது, கையில் காசும் இருக்காது. அந்த மாதங்களில் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், துணையும் அப்போதுதான் அதிகம் தேவைப்படும்.

ஒரு வேலையை மட்டும் எடுங்கள்

பாடகர் குழு, ஒலிபெருக்கி, வட்ஸ்அப் குழு, வாலிபர் ஐக்கியம், ஞாயிறு பாடசாலை, வின்சென்ட் டி போல் சபை, மரியாயின் சேனை, பீடப் பணி, ஜெபக்குழு, திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப்பந்தல் என்று எத்தனையோ வாசல் இருக்கிறது. உற்சாகத்தில் நாலைந்துக்குத் தலையாட்டிவிடுவோம். முதல் வருஷம் ஒன்றை மட்டும் எடுங்கள். இன்னும் சொல்லப்போனால், மைக் இல்லாத ஒன்றை எடுங்கள். பாடுவதும் பேசுவதும் குறைந்த ஊழியம் என்று நான் சொல்லவில்லை. நல்லாய்ப் பாடுகிறவரைச் சபை தானாகவே தேடிவரும். கிடாரம் கழுவத் தேடுகிற ஆள்தான் கிடைப்பதில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் பந்தியில் விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை என்ற முறைப்பாடு வந்தபோது, அதைக் கவனிக்க எழுவரைத் தெரிந்தெடுத்தார்கள். பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்து நற்சாட்சி பெற்றவர்களாக அவர்கள் இருக்கவேண்டும் என்று கேட்டார்கள். சாப்பாடு பங்கிடுவதற்கு இத்தனை தகுதியா என்று யாரும் சிரிக்கவில்லை. அந்த எழுவரில் ஒருவர்தான் ஸ்தேவான்.

எடுத்த வேலையைக் குறைந்தது ஒரு வருஷம் விடாதீர்கள். வர முடியாத கிழமையில் முதல் நாளே சொல்லி, உங்களுக்குப் பதில் ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். அன்று காலை ஆறு மணிக்கு "வரமாட்டேன், சொறி" என்று ஒரு வட்ஸ்அப் செய்தி போடுவதுதான் சபைகளில் அதிகம் வேலையைக் கெடுக்கிறது. இதைக் கடுமையாகவே சொல்லுகிறேன்.

ஞாயிறு பாடசாலை எடுத்தால்

இது அதிகம் ஆள் தேவைப்படும் இடம், அதிகம் கைவிடப்படும் இடமும் இதுதான். சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் புத்தகத்தைத் திறந்து ஞாயிறு காலை பாடம் எடுக்க முடியும். பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும். புதன்கிழமையே வேதப்பகுதியை வாசித்துவிடுங்கள். வியாழன், வெள்ளி பஸ்ஸில் போகும்போது அந்தக் கதை தலைக்குள் ஓடட்டும். சனிக்கிழமை பெயர்ப்பட்டியலை எடுத்துப் போன கிழமை வராத பிள்ளைகளின் பெயரைப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு தரம் எட்டிப் பார்ப்பது பத்துப் பாடத்துக்குச் சமன்.

பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டால் பெரும்பாலும் ரியூசன் என்றுதான் பதில் வரும். புலமைப்பரிசில் எழுதும் வருஷத்தில் 5ஆம் ஆண்டுப் பிள்ளைகளும், சாதாரண தரம் எழுதும் வருஷத்தில் பெரிய பிள்ளைகளும் மெல்ல மெல்ல மறைந்துபோவார்கள். தாய்தகப்பனைக் குற்றம் சொல்லிப் பேசாதீர்கள். அவர்கள் பயத்தில் இருக்கிறார்கள். வகுப்பு எத்தனை மணிக்கு முடியுது என்று கேட்டு, அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு அரை மணி நேரத்தைப் பின்னேரம் ஒதுக்க முடியுமா என்று பொறுப்பாளரோடு பேசிப் பாருங்கள். கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் சாதாரண தரத்தில் ஒரு பாடம் என்பதால், அந்தப் பாடத்துக்கு உதவி செய்கிறோம் என்றால் பெற்றோரும் சந்தோஷமாக அனுப்புவார்கள்.

ஒரு வகுப்பு எப்படிப் போகும் என்று சொல்லுகிறேன். எட்டு மணி வகுப்பு என்றால் ஏழரைக்கு நீங்கள் அங்கே நிற்கவேண்டும். முதலில் வருகிற பிள்ளை பூட்டின கதவைப் பார்க்கக்கூடாது. ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சாப்பிட்டியா என்று கேளுங்கள், ஏனென்றால் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பாணும் வாழைப்பழமும் வாங்கி வைப்பது பெரிய செலவில்லை. எல்லோருக்கும் கொடுங்கள், பசித்த பிள்ளையைத் தனியே பிரித்துக் காட்டவேண்டாம். கதையைப் பத்து நிமிஷத்தில் சொல்லி முடியுங்கள். கெனேசரேத்துக் கடலில் இரவு முழுக்கப் பாடுபட்டு ஒன்றும் அகப்படாத பேதுருவைப் பற்றிச் சொல்லும்போது, எங்கள் கரையோரப் பிள்ளைகளுக்கு நீங்கள் விளக்கவேண்டியது மிகக் குறைவு. வெறும் வலையோடு வந்த அப்பாவின் முகத்தை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர்களைப் பேசவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒளிவு மறைவு வேண்டாம். ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியே இருக்காதீர்கள். எப்போதும் இரண்டு பெரியவர்கள், திறந்த கதவு. பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போவது பெற்றோருக்குத் தெரியாமல் நடக்கக்கூடாது. பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரிடம் கேட்காமல் பேஸ்புக்கில் போடாதீர்கள். ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையை உங்களிடம் சொன்னால், "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், நீங்களே விசாரணை நடத்தவும் போகாதீர்கள். கேளுங்கள், நம்புங்கள், அன்றைக்கே பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. சபையின் மானம் போய்விடும் என்று யாராவது தடுத்தாலும் அந்த இலக்கத்துக்கு எடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு

திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு மாவட்டத்தின் எல்லாத் திசையிலிருந்தும் நோயாளர் வருகிறார்கள். சம்பூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ வந்து வாட்டில் படுத்திருப்பவருக்குத் தினமும் வந்து பார்க்க ஆள் இருக்காது. கூலி வேலையை விட்டுவிட்டு வந்தால் அன்றைய சாப்பாடு போய்விடும். திருமலையில் முழுமனதோடு செய்ய ஒரு ஊழியம் சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டால், இதைத்தான் முதலில் சொல்லுவேன்.

பார்வையாளர் நேரத்தை வாசலில் பார்த்து வைத்து, அதற்குள் மட்டும் போங்கள். பாஸ்டர் அனுப்பினவர் என்று சொல்லிக் காவலாளியோடு வாதாடவேண்டாம். வாட்டுக்குள் போனதும் மிஸ்ஸிக்கு (தாதிக்கு) வணக்கம் சொல்லி, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று சொல்லுங்கள். கையைக் கழுவுங்கள். உங்களுக்கே தடிமல், காய்ச்சல் இருந்தால் அந்தக் கிழமை போகவே கூடாது.

கட்டிலில் உட்காராதீர்கள். ஒரு வாங்கு இருந்தால் இழுத்துப் போட்டு, அவர் முகம் தெரியும் உயரத்தில் இருங்கள். நின்றுகொண்டு பேசினால் அவர் அண்ணாந்து பார்க்கவேண்டிவரும். "என்ன வருத்தம்?" என்று சத்தமாகக் கேட்காதீர்கள். பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும், சிலருக்கு அது வெட்கம். பெயரைச் சொல்லி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் பேசும்வரை பொறுங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் மாமிக்கு இதே வருத்தம் வந்த கதையை எடுக்காதீர்கள். "கடவுள் சோதிக்கிறார்", "விசுவாசம் இருந்தால் நாளைக்கே எழும்புவீங்க" போன்ற பேச்சு எதுவும் வேண்டாம். நாளைக்கு எழும்பாவிட்டால் அந்த மனிதர் தன் வருத்தத்தோடு தன் விசுவாசத்தையும் சந்தேகித்துக்கொண்டு கிடப்பார். மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்த ஊழியக்காரருக்கும் இல்லை.

ஜெபம் செய்யட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று சிரித்த முகத்தோடு விடுங்கள். சரி என்றால், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில், இரண்டு மூன்று வசனத்தில் முடியுங்கள். அந்த வாட்டில் சைவர், முஸ்லிம்கள், பௌத்தர்கள் எல்லோரும் நோவோடு படுத்திருக்கிறார்கள்.

கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: "ஏதாவது வாங்கி வரட்டுமா?" சவர்க்காரம், துவாய், மாற்றுச் சாரம், சுடுதண்ணிப் போத்தல், வீட்டுக்குப் பேச போனுக்கு ரீலோட். இப்படித்தான் பதில் வரும். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றால் நாளைக்குக் கொண்டுபோகவேண்டும். ஒருவருக்குச் சாப்பாடு கொடுக்கமுன் மிஸ்ஸியிடம் கேளுங்கள், சத்திரசிகிச்சைக்கு முன்னால் பட்டினி போட்டிருப்பார்கள், சீனி வியாதிக்காரராக இருப்பார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் தண்ணிப் போத்தலை நிரப்பிக் கொடுங்கள். அவர் எந்தச் சமயம் என்று பார்க்கத் தேவையில்லை.

கொஞ்சம் சிங்களமும் பழகுங்கள். நோவெடுக்குதா, தண்ணி வேணுமா, வீட்டுக்குச் சொல்லவா என்று கேட்கும் அளவுக்குத் தெரிந்தாலே வாட்டில் இன்னும் பலருக்கு நீங்கள் உதவலாம். கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய யோசேவ் வாஸ் அடிகளார் தமிழும் சிங்களமும் இரண்டும் படித்துத்தான் இந்தத் தீவில் ஊழியம் செய்தார். 1697இல் கண்டியில் அம்மை பரவி, சொந்தக்காரரே நோயாளரைக் காட்டில் விட்டுவிட்டு ஓடியபோது, அவர் அவர்களுக்குக் குடிசை போட்டு, புண்ணைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார். 2015 தை மாதம் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். புண் கழுவிய அந்தக் காலத்தில் அவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை.

உயிர் வாழவே விருப்பமில்லை என்று ஒருவர் உங்களிடம் சொன்னால் அதை வெறும் சலிப்பென்று விடாதீர்கள். தாதியரிடம் சொல்லுங்கள். வீட்டில் என்றால் அவரைத் தனியே விடாமல், தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுத்துக் கொடுங்கள். அவசர அம்புலன்சுக்கு 1990. இந்த இலக்கங்களைப் போனில் இன்றைக்கே பதிந்து வையுங்கள்.

நாலு சமயத்துக்கும் பொதுவான ஊரில்

கோணேசர் மலையில் இருக்கிறார், கடற்கரை வீதிகளில் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் அருகருகே இருக்கின்றன. நாங்கள் இந்த மாவட்டத்தில் சிறு தொகையினர். எங்கள் ஊழியத்தைப் பார்க்கிற கண்கள் அதிகம், சந்தேகங்களும் உண்டு. அந்தச் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் நடப்பது எங்கள் பொறுப்பு.

உதவிப் பொதிக்குள் துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள். அரிசி கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லாதீர்கள். பசித்த வீட்டின் முன்னால் நின்று சமயம் பேசினால் அது அந்த வீட்டின் இயலாமையைப் பயன்படுத்துவதாகும். ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று அவர்களாகவே கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கிறிஸ்து எங்களை நேசித்தார், அதனால் வந்தோம் என்று ஒரே வரியில் சொல்லலாம். நல்ல சமாரியன் காயப்பட்டவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோனபோது அவனிடம் நீ எந்த ஊர் என்றுகூட விசாரித்ததாக எழுதப்படவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கிண்ணியாவில் ஒலிபெருக்கி போடுவதையும், வீதியில் சுவாமி ஊர்வலம் வரும்போது கரோல் வாகனத்தை எதிரே கொண்டுபோவதையும் தவிர்க்க யாரும் சட்டம் போடத் தேவையில்லை.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பல தேவாலயங்களில் வாசலில் ஆள் நிற்பார்கள், பையைத் திறந்து பார்ப்பார்கள். அந்த வாசல் வேலைக்கு நிற்பதும் ஊழியம்தான். அறியாத முகம் வந்தால் பையைப் பாருங்கள், பிறகு உள்ளே கூட்டிக்கொண்டுபோய் இருக்க இடம் காட்டுங்கள்.

பணம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊழியக் காசு உங்கள் சட்டைப்பைக்குள் ஒரு இரவும் தங்கக்கூடாது. எண்ணும்போது இரண்டு பேர். வாங்கினால் பற்றுச்சீட்டு, கொடுத்தால் கையொப்பம். வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர் ஏழைகளுக்கென்று அனுப்பும் காசை உங்கள் சொந்தக் கணக்குக்கு வாங்காமல் சபையின் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். எருசலேம் சபைக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது பவுலே தனியாகப் போகவில்லை. யாரும் குற்றம் சொல்லாதபடி வேறு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார். அவருக்கே அது தேவைப்பட்டதென்றால் எங்களுக்கு நிச்சயம் தேவை.

வெள்ளமும் புயலும் வரும்போது

2004 மார்கழி 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி எங்கள் கரையை அடித்தது. நத்தாருக்கு மறுநாள். அதற்குப் பின் வந்த வெள்ளங்களையும் எண்ணிக்கொண்டால், திருகோணமலையில் ஊழியம் செய்ய வருகிறவர் அனர்த்தத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கமுடியாது.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. வெள்ளம் வந்தால் முதல் வேலை சமையலோ உடுப்புச் சேர்ப்பதோ இல்லை, பெயர்ப்பட்டியல். எந்த வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தை, கர்ப்பிணி, படுக்கையில் கிடக்கும் வயோதிபர், தினமும் மருந்து எடுக்கிறவர் யார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தப் பகுதியின் கிராம உத்தியோகத்தரோடும் பிரதேச செயலகத்தோடும் பேசி, அவர்கள் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டு, விடுபட்டவர்களுக்கு நீங்கள் போங்கள். வீதியோரத்து வீட்டுக்கு ஐந்து இடத்திலிருந்து சாப்பாடு வரும், உள்ளே வயல்கரையில் இருப்பவருக்கு ஒன்றும் போகாது. லொறி நிற்கிற இடத்திலிருந்து கடைசி வீடுவரை நடந்துபோக ஆள் வேண்டும். அந்த ஆளாக இருங்கள்.

கொடுக்கும்போது படம் எடுப்பதைப் பற்றி: பொதியை ஒருவர் கையில் கொடுத்து, இரண்டு பேரும் கமராவைப் பார்த்து நிற்கும் படம் எனக்கு வேதனையாக இருக்கிறது. காசு தந்தவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்பது நியாயம். அரிசி மூட்டைகளைப் படம் எடுத்து அனுப்புங்கள். முகங்கள் வேண்டாம்.

சோர்வு வரும்போது

வரும். நல்ல மனத்தோடு வருகிறவர்களுக்குத்தான் முதலில் வரும். எல்லாவற்றையும் நானே செய்யவேண்டும் என்று காலையிலிருந்து இருட்டும்வரை நியாயம் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று அவருடைய மாமனார் சொன்னார். முழுமனதோடு செய்வது என்பதை ஓய்வில்லாமல் செய்வது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓடியாடி வந்த சீஷர்களைச் சற்றே இளைப்பாற வாருங்கள் என்று இயேசுவே கூட்டிக்கொண்டு போனார்.

கிழமையில் ஒரு பின்னேரத்தை ஒன்றும் இல்லாமல் வையுங்கள். வீட்டாரோடு கடற்கரைக்குப் போங்கள். ஊழியத்துக்காக அல்லாமல், உங்களுக்காக வேதத்தை வாசிக்கும் நேரம் ஒன்று நாளில் இருக்கவேண்டும். பாடம் தயாரிக்க வாசிப்பது அதில் சேராது. உங்களோடு ஒளிவில்லாமல் பேசக்கூடிய, வயதில் மூத்த ஒருவரைத் தெரிந்துகொண்டு மாதம் ஒரு தரம் போய் இருந்து பேசுங்கள். "அக்கா, எனக்கு இந்த வேலையே வெறுத்துப்போச்சு" என்று சொல்லக்கூடியவராக அவர் இருக்கவேண்டும்.

அதிகம் பேர் விட்டுப்போவது களைப்பால் அல்ல, மனஸ்தாபத்தால். ஒரு வேலையைச் செய்திருப்பீர்கள், நன்றி சொல்லும்போது வேறொருவரின் பெயர் சொல்லப்படும். மேடையில் உங்களை மறந்துவிடுவார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதாலும் அழுங்கள், அடுத்த சனிக்கிழமை அதே நேரத்துக்குப் போய் நில்லுங்கள். ஒருவரோடு பிரச்சினை என்றால் மத்தேயு 18ஆம் அதிகாரம் சொல்கிறபடி முதலில் அவரிடமே தனியாகப் போய்ப் பேசுங்கள். வட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள்.

விட்டுப்போகும் நாள்

இடமாற்றம் வரும், பல்கலைக்கழகம் கிடைக்கும், கல்யாணம் நடக்கும், வெளிநாட்டுக்குப் போவீர்கள். திருமலையில் இதெல்லாம் சாதாரணம். பொறுப்பை எடுக்கும் அன்றே உங்களுக்குப் பின்னால் வருகிறவரை மனதில் வைத்து வேலை செய்யுங்கள். ஒரு கொப்பி வையுங்கள். எந்தப் பிள்ளைக்கு வாசிக்கக் கஷ்டம், எந்த ஆச்சிக்குக் காது கேட்காது, எந்த வீட்டுக்குப் பின்னேரம்தான் போகலாம் என்று அதில் எழுதுங்கள். ஆட்கள் அந்தரங்கமாகச் சொன்னவற்றை எழுதாதீர்கள், அவை உங்களோடேயே இருக்கட்டும்.

போவதற்கு ஒரு மாதம் முன்னரே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். புதிதாக வருகிறவரைக் குறைந்தது இரண்டு கிழமைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நிறுத்தி, "ஆச்சி, இனி இந்தத் தம்பிதான் வருவார்" என்று அறிமுகப்படுத்துங்கள். கணக்கை முடித்துக் கையொப்பம் வாங்குங்கள். சாவிகளில் எது மண்டபத்துக்கு, எது அலுமாரிக்கு என்று துண்டு கட்டிக் கொடுங்கள். வட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பையும் மாற்றிவிடுங்கள், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.